டச் மக்கர் செய்கிறதா? காம்போ மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மொபைல் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "டச் போச்சு, காம்போ எவ்வளவு ஆகும்?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். போன் சரியாக என்ன செய்கிறது என்று நாம் திருப்பிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். சார்ஜரை மாற்றியதும் சரியாகும் கேஸ், டெம்பர் கிளாஸை உரித்ததும் சரியாகும் கேஸ், ஒரு செட்டிங்கை அணைத்தால் முடிந்துபோகும் கேஸ் எல்லாம் இதில் கலந்து வரும்.

காம்போ என்பது டிஸ்பிளேயும் டச்சும் ஒன்றாக ஒட்டி வரும் பாகம். சில கடைகளில் ஃபோல்டர் என்பார்கள். இன்றைய போன்களில் பெரும்பாலானவற்றுக்கு டச்சை மட்டும் தனியாக மாற்ற முடியாது என்பதால்தான் இவ்வளவு செலவு. அதனால் காசில்லாத வழிகளை முதலில் முடித்துவிடுவோம். கீழே உங்கள் போனின் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

டச் அரைகுறையாகவாவது வேலை செய்கிறதா? அப்படியானால் எதையும் தொடுவதற்கு முன் போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்அப் ஆகியவற்றை பேக்கப் எடுத்துவிடுங்கள். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ரீஸ்டார்ட் ஆனதும் போன் கட்டாயம் பின் நம்பரோ பேட்டர்னோ கேட்கும், கைரேகையை ஏற்காது. பின் அடிக்க வேண்டிய இடத்தில் டச் செத்திருந்தால், உள்ளே இருப்பதெல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பேக்கப் முடிந்ததா? சரி, இனி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு கவரைக் கழற்றுங்கள். இறுக்கமான கவர் திரையின் ஓரத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை லேசாக நனைத்து, போனை அணைத்த நிலையில் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் எல்லாம் வேண்டவே வேண்டாம். திரை மேலிருக்கும் வழவழப்பான பூச்சு போய்விடும்.

அப்புறம் ரீஸ்டார்ட். திரையைத் தொடவே முடியாவிட்டால் பட்டன்களால் செய்யலாம். சாம்சங்கில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 10 வினாடி போல அழுத்திப் பிடியுங்கள். ரெட்மி, போக்கோவில் பவர் பட்டன் மட்டும் போதும், போன் அணைந்து மறுபடி கிளம்பும்வரை விடாதீர்கள். ஐபோன் 8-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வால்யூம் கூட்டும் பட்டனை ஒருமுறை தட்டி, குறைக்கும் பட்டனை ஒருமுறை தட்டி, பிறகு பக்கத்து பட்டனை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும். இதனால் எந்த டேட்டாவும் அழியாது.

அறிகுறி 1: திரை தெரிகிறது, தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை

*தொட்டதும் ஐகானைச் சுற்றி ஒரு கட்டம் விழுகிறதா? போன் பேசுகிறதா?*

டச் நன்றாகத்தான் இருக்கிறது. பார்வையற்றோருக்கான டாக்பேக் வசதி ஆன் ஆகியிருக்கிறது. இரண்டு வால்யூம் பட்டன்களையும் தெரியாமல் சேர்த்து அழுத்தியிருப்பீர்கள், அல்லது வீட்டுக் குழந்தை அழுத்தியிருக்கும். அதே இரண்டு பட்டன்களையும் மூன்று நான்கு வினாடி மறுபடி பிடியுங்கள், போய்விடும். போகாவிட்டால் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டாக்பேக் என்று போய் அணைக்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால் தேர்வு மட்டும் ஆகும், திறக்க இருமுறை தட்ட வேண்டும், பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். ஐபோனில் இதன் பெயர் வாய்ஸ்ஓவர். அணைக்கச் சொல்லி சிரியிடமே கேட்கலாம்.

இதற்குக் காசு வாங்கும் கடையும் உண்டு. இரண்டு பட்டனைப் பிடித்ததற்குக் காசா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

*மேல்பக்கத்தை மறைக்க வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கை நிற்கிறதா?*

பாக்கெட்டில் இருக்கிறோம் என்று போன் நினைத்துக்கொண்டிருக்கிறது. காது ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும் சென்சாரை அழுக்கோ, தப்பாக ஒட்டிய டெம்பர் கிளாஸோ மறைத்திருக்கும். துடையுங்கள், தேவைப்பட்டால் கிளாஸை உரியுங்கள். லாக் ஸ்கிரீன் செட்டிங்கில் பாக்கெட் மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள். போன் பேசி முடித்ததும் திரை கறுப்பாகவே நின்றாலும் காரணம் பெரும்பாலும் இதே சென்சார்தான்.

*இரண்டும் இல்லையா? மவுஸைச் செருகிப் பாருங்கள்*

இந்தச் சோதனைக்கு ஒரு ஓடிஜி கனெக்டரும் (யூஎஸ்பி பொருள்களைப் போனின் சார்ஜிங் துளையில் செருக உதவும் சின்ன இணைப்பான்), வீட்டில் கிடக்கும் யூஎஸ்பி மவுஸும் போதும். செருகியதும் திரையில் அம்புக்குறி வரும்.

அம்பு நகர்கிறது, கிளிக் செய்தால் போன் திறக்கிறது என்றால் கோளாறு டச்சில்தான், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. மவுஸாலேயே பின் அடித்து உள்ளே போய் பேக்கப் எடுத்துவிடலாம். கடையில் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

அம்பும் உறைந்து நின்றால் போனே ஹேங் ஆகியிருக்கிறது. காம்போ மாற்றிப் பிரயோஜனமில்லை, சாஃப்ட்வேர் பக்கம் பார்க்க வேண்டும்.

அம்பே வரவில்லை என்றால் உடனே முடிவுக்கு வராதீர்கள். ஓப்போ, ரியல்மி, விவோ போன்களில் பல மாடல்களுக்கு ஓடிஜியை செட்டிங்ஸில் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அதுவே அணைந்தும் போகும். ஐபோனிலும் அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் உள்ள அசிஸ்டிவ்டச் முன்பே ஆனில் இருந்தால்தான் அம்பு தெரியும்.

*கீழே விழுந்த பிறகு வந்ததா?*

கண்ணாடி உடையாமலேயே உள்ளே கனெக்டர் நழுவியிருக்கலாம். உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். அதில் நழுவிய கனெக்டர் சேர்வதைவிடக் கண்ணாடி விரிவதுதான் நடக்கும். இது கடையில் செய்ய வேண்டிய வேலை, ஆனால் சின்ன வேலை. "முதலில் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்" என்று கேளுங்கள். சரியாகாவிட்டால் புது காம்போவை ஒட்டாமல் கனெக்டரில் மட்டும் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் டச் வந்தால் காம்போதான் போயிருக்கிறது. புதியதிலும் வரவில்லை என்றால் கோளாறு மதர்போர்டில் இருக்கிறது, பெரும்பாலும் டச்சை இயக்கும் சில்லான டச் ஐசி. மைக்ரோஸ்கோப் வைத்து ஐசி மாற்றத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள், எல்லாக் கடையும் இதைச் செய்யாது. ஐபோன் 6 பிளஸில் இந்த வகைக் கோளாறு பரவலாக வந்து, திரையின் மேல்பக்கம் சாம்பல் பட்டை மினுங்கும். 2016-ல் ஆப்பிள் அதற்கென்றே தனி ரிப்பேர் திட்டம் அறிவித்தது. அதில் திரையை மட்டும் மாற்றினால் மறுபடி வந்துவிடும்.

அறிகுறி 2: தானாகவே தொடுகிறது, தானாகவே திறக்கிறது

கடைகளில் கோஸ்ட் டச் என்பார்கள். இருப்பதிலேயே தொல்லை பிடித்தது இதுதான். பாக்கெட்டுக்குள் இருந்தபடியே யாருக்கோ கால் போகும், தப்பான பின் திரும்பத் திரும்ப விழுந்து போன் பூட்டிக்கொள்ளும். ஐபோனில் தப்பான எண்கள் அடுத்தடுத்து விழுந்தால் கடைசியில் முழுக்கப் பூட்டி, அழித்துவிட்டுத்தான் திறக்க வேண்டிய நிலை வரும். அதனால் ஆட்டம் ஆரம்பித்தால் முதல் வேலையாகப் போனை அணைத்துவிடுங்கள், சோதனையெல்லாம் பிறகு.

*அணைக்கும் முன் ஒரு நொடி கவனியுங்கள்*

கோஸ்ட் டச்சுக்கு அறிவு கிடையாது. கண்ட இடத்தில் படபடவென்று தட்டும். ஆனால் திரை நிதானமாக நகர்ந்து, வங்கிச் செயலியைத் திறந்து, மெசேஜில் ஓடிபி பார்க்கிறது என்றால் அது ரிப்பேர் கேஸ் இல்லை. யாரோ தூரத்திலிருந்து உங்கள் போனை இயக்குகிறார்கள். கேஒய்சி, கரண்ட் பில், பார்சல் என்று ஏதாவது சொல்லி அண்மையில் ஒரு செயலியைப் போடச் சொன்னார்களா என்று யோசியுங்கள். உடனே போனை அணைத்து, சிம்மைக் கழற்றி, வீட்டு வைஃபையையும் நிறுத்துங்கள். இன்னொரு போனிலிருந்து வங்கிக்கும், பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் பேசுங்கள். ஸ்க்ரூடிரைவரை அப்புறம் எடுக்கலாம்.

*சார்ஜ் போட்டால் மட்டும் வருகிறதா?*

குற்றவாளி சார்ஜர். பிளக்கைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சார்ஜர், இரவல் சார்ஜர், பத்து பிளக் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் இந்த வேலையைச் செய்யும்.

சோதிக்கும் வழி: அதே கேபிளைப் பவர் பேங்கில் செருகுங்கள். பவர் பேங்கில் டச் சரியாக இருந்தால் கேபிளும் போனும் நல்லவை, சார்ஜரோ வீட்டுப் பிளக்கோதான் கெட்டது. பவர் பேங்கிலும் ஆட்டம் தொடர்ந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். வேறு நல்ல கேபிளிலும் வந்தால் போனின் சார்ஜிங் போர்டைப் பார்க்கக் கடைக்குப் போகலாம். அதுவும் பல மாடல்களில் காம்போவைவிட மலிவாகத்தான் முடியும்.

சார்ஜ் போட்டிருக்கும்போது போனின் உலோக ஓரத்தைத் தொட்டால் சுள்ளென்கிறதா? அந்தச் சார்ஜரை இனி தொடாதீர்கள். வேறு நல்ல சார்ஜரிலும் அப்படி இருந்தால் வீட்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

*சார்ஜ் இல்லாமலும் வருகிறதா?*

டெம்பர் கிளாஸை உரியுங்கள். ஓரம் தூக்கி, உள்ளே தூசியோ வியர்வையோ தங்கியிருந்தால் அந்த இடத்தில் விரல் வைத்தது போலவே போன் எடுத்துக்கொள்ளும். இருநூறு ரூபாய் கிளாஸைப் பாதுகாக்க நினைத்து ஆயிரக்கணக்கில் காம்போவுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. வளைந்த திரைக்குப் பசை ஊற்றி ஒட்டும் யூவி கிளாஸ் என்றால் நீங்கள் உரிக்க வேண்டாம், கடையில் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பசை காது ஸ்பீக்கருக்குள்ளும் பட்டனுக்குள்ளும் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து சேஃப் மோடு. பவர் மெனுவில் வரும் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் சேஃப் மோடு கேட்கும். அதில் நீங்கள் போட்ட செயலிகள் எதுவும் ஓடாது. அங்கே அமைதியாக இருந்தால் கடைசியாகப் போட்ட செயலிகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். திரை மேல் மிதக்கும் வகைச் செயலிகளையும், கேமுக்காகத் தானாகத் தட்டும் ஆட்டோ கிளிக்கர்களையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

*சூடானால் மட்டும் வருகிறதா?*

பைக் ஹேண்டிலில் வெயிலில் மேப் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. நிழலில் வைத்து ஆறவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் பூக்கும். ஆறியதும் சரியாகிறது, வெயிலில் மட்டுமே வருகிறது என்றால் செலவு ஏதும் தேவையில்லை.

வீட்டில் சும்மா இருக்கும்போதே சூடாகிறது, டச்சும் ஆடுகிறது என்றால் போனைச் சமமான மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். திரை ஓரம் தூக்கியிருக்கிறதா, பின்மூடி உப்பியிருக்கிறதா, விரலால் தள்ளினால் பம்பரம் மாதிரி சுற்றுகிறதா? பேட்டரி உப்பி திரையை அடியிலிருந்து அழுத்துகிறது. இங்கே வீட்டு வைத்தியம் முடிந்தது. சார்ஜ் போடாதீர்கள், தூக்கிய திரையை அமுக்கி உட்கார வைக்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கும் விபரீதத்தை நினைக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும். அணைத்து, தலையணை மெத்தையிலிருந்து தள்ளி வைத்து, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். சீக்கிரம் போனால் பேட்டரி செலவோடு போகும். அமுங்கி அமுங்கி டிஸ்பிளே கெட்டபின் போனால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்தும் நிற்கவில்லை, திரையில் எங்கோ ஒரு மயிரிழைக் கீறலோ விரிசலோ இருக்கிறது என்றால் காம்போ தவிர வழியில்லை.

அறிகுறி 3: ஒரு பகுதி மட்டும் வேலை செய்யவில்லை

கீபோர்டில் ஒரு வரிசை மட்டும் விழாது, அல்லது மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுக்க முடியாது. எந்த இடம் செத்திருக்கிறது என்று படம் போட்டே பார்த்துவிடலாம்.

சாம்சங்கில் டயலரில் *#0*# அடித்தால் சோதனை மெனு வரும், அதில் டச் என்பதைத் தேர்ந்து கட்டங்களை எல்லாம் விரலால் நிரப்புங்கள். ரெட்மி, போக்கோவில் *#*#6484#*#*. மற்ற ஆண்ட்ராய்டுகளில் அபவுட் போன் பக்கத்தில் பில்ட் நம்பரை ஏழுமுறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் பாயின்டர் லொகேஷனை ஆன் செய்து விரலால் மெதுவாகக் கோடு இழுங்கள்.

கோடு எப்போதும் ஒரே பட்டையில் அறுந்தால், கிளாஸை உரித்தபின்னும் அறுந்தால், போனைக் குறுக்கே திருப்பிப் பிடித்தாலும் அதே இடத்தில் அறுந்தால் அந்தப் பட்டை செத்துவிட்டது. எந்தச் செயலியும் அதை எழுப்பாது. டச்சைச் சரிசெய்யும் செயலி என்று பிளே ஸ்டோரில் கிடைப்பவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பணம் தயாராகும்வரை சமாளிக்க வழி உண்டு. கீபோர்டை மிதக்கும் கீபோர்டாக மாற்றி நல்ல பகுதிக்கு நகர்த்தலாம், போனைக் குறுக்கே திருப்பிப் பயன்படுத்தலாம், குரலால் தட்டச்சு செய்யலாம். யூபிஐ பின் அடிக்கும் பட்டன்கள் செத்த இடத்தில் விழுந்தால் இழுத்தடிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கோடு அறுபடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் அது செத்த பட்டை இல்லை. கிளாஸ், சார்ஜருக்கு அறிகுறி 2-ஐயும், ஈரத்துக்கு அறிகுறி 5-ஐயும் பாருங்கள்.

அறிகுறி 4: மற்றவர்களுக்கு வேலை செய்கிறது, அப்பாவுக்கு மட்டும் செய்யவில்லை

போனை மாற்றும் முன் விரலைப் பாருங்கள். வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருக்கும். கொத்தனார், நெசவாளர், வயல் வேலை செய்பவர்களுக்குத் தோல் காய்ப்பு ஏறியிருக்கும். அப்படிப்பட்ட விரலைத் திரை சரியாக உணர்வதில்லை. சோதனை சுலபம்: ஈரத்துணியில் விரலை ஒற்றிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். வேலை செய்தால் போனில் குறையில்லை. கைக்குத் தினமும் கொஞ்சம் கிரீம் தடவி, அது ஊறியபின் போனைத் தொடச் சொல்லுங்கள். நுனியைவிட விரலின் சதைப்பகுதியால் தொட்டால் நன்றாக எடுக்கும். டெம்பர் கிளாஸ் தடிமனாக இருந்தால் மெல்லியதாக மாற்றுங்கள். பல சாம்சங் மாடல்களில் டிஸ்பிளே செட்டிங்கில் டச் சென்சிடிவிட்டி என்று ஒன்று உண்டு, அதை ஆன் செய்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

இன்னொரு காரணம், பழைய பட்டன் போன் பழக்கம். அழுத்தினால்தான் வேலை செய்யும் என்று நினைத்து ஊன்றி அழுத்துவார்கள். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு ஐகானைத் தூக்கும், மெனுவைத் திறக்கும். "தொட்டா வேற என்னமோ வருது" என்ற புகாரின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். அக்சஸிபிலிட்டியில் டச் அண்ட் ஹோல்ட் டிலே என்பதை நீளமாக வையுங்கள். ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்டையும் பூட்டிவிட்டால் வாட்ஸ்அப் ஐகான் காணாமல் போகாது.

ஆக, இங்கே கடைக்காரர் தேவையே இல்லை.

அறிகுறி 5: தண்ணீர் பட்ட பிறகு ஆரம்பித்தது

மழைத்துளி, ஈரக்கை, மாவுக்கை என்றால் துடைத்தால் போதும். திரைமேல் துளி நிற்கும்வரை டச் தடுமாறுவது இயல்பு.

உள்ளே தண்ணீர் போயிருந்தால் கணக்கு வேறு. உடனே அணையுங்கள், சார்ஜ் போடவே கூடாது. சிம் டிரேயை வெளியே எடுங்கள், துளை கீழ்நோக்கி இருக்க வைத்து நீரை வடியவிடுங்கள், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதை விட்டுவிடுங்கள். ஆப்பிளே தன் வழிகாட்டுதலில் அரிசி வேண்டாம் என்கிறது, மாவுத்துகள் போனுக்குள் போய்ச் சேரும். ஹேர் டிரையரும் வேண்டாம். கடல் நீர், சாம்பார், காபி, சோப்புத் தண்ணீர் என்றால் காயும்வரை காத்திருப்பதே தப்பு, உப்பும் சர்க்கரையும் உள்ளே தங்கி அரிக்கும். நேராகக் கடைக்குப் போய்த் திறந்து கழுவச் சொல்லுங்கள். காய்ந்தபின் டச் திரும்பி வந்தாலும் முதல் வேலை பேக்கப். சில நாள் கழித்து மறுபடி போகும் கேஸ்கள் நிறைய.

அறிகுறி 6: காம்போ மாற்றிய பிறகுதான் தொல்லையே

மலிவு காம்போவில் டச் கொஞ்சம் மந்தமாக இருக்கும், வேகமாகத் தட்டச்சு செய்தால் எழுத்து விட்டுப்போகும். அமோலெட் திரை இருந்த போனுக்கு விலை குறைவான எல்சிடி போட்டிருந்தால் திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் பெரும்பாலும் வேலை செய்யாது, அதைச் சரிசெய்யவும் முடியாது. ஐபோன் 11 முதல் மேல் மாடல்களில் அபவுட் பக்கத்தில் திரை அசலா இல்லையா என்று காட்டிவிடும்.

ஓரம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பசை சரியாக உட்காராமலோ ஃபிரேம் வளைந்தோ இருக்கலாம். வாரன்டி நாட்களுக்குள் அதே கடைக்குப் போங்கள். நீங்களே தூக்கிப் பார்த்தால் வாரன்டி போய்விடும்.

பில்லிங் மெஷின், பழைய கார் ஸ்டீரியோ

தொடும் இடம் ஒன்று, விழும் இடம் வேறொன்று என்றால் இவற்றில் பலவற்றுக்குக் காலிபரேஷன் என்ற செட்டிங் உண்டு. திரையில் வரும் பிளஸ் குறிகளைப் பேனா மூடியால் வரிசையாக அழுத்தினால் சரியாகும். இவை அழுத்தினால் வேலை செய்யும் பழைய வகைத் திரைகள், நகமும் போதும். காலிபரேஷன் செய்தும் ஒரு வாரத்தில் மறுபடி விலகினால் மேல்தாள் தேய்ந்துவிட்டது, பேனலை மாற்ற வேண்டும்.

கடையில் கொடுக்கும்போது

வாரன்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்காதீர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். மாடலின் பெயரைப் போட்டு இலவச மாற்றுத் திட்டம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஐபோன் X-க்கு 2018-லும் ஐபோன் 11-க்கு 2020-லும் டச் கோளாறுக்காகவே ஆப்பிள் அப்படி அறிவித்தது.

சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். யூபிஐ பின்னை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். டச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைக்காரருக்கு லாக் திறந்தால் போதும். புதிய சாம்சங்குகளில் மெயின்டனன்ஸ் மோடு இருக்கிறது, அதை ஆன் செய்து கொடுத்தால் உங்கள் போட்டோவும் மெசேஜும் அவர் கண்ணில் படாது. பிக்சலில் அதற்கு ரிப்பேர் மோடு என்று பெயர்.

போடப்போவது ஒரிஜினலா, காப்பியா, அமோலெட்டா, எல்சிடியா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கடையை விட்டு இறங்கும் முன் அறிகுறி 3-ல் சொன்ன டச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். சார்ஜ் போட்டபடி ஒருமுறை, போடாமல் ஒருமுறை. யாருக்காவது கால் செய்து போனைக் காதில் வைத்து எடுத்தால் திரை அணைந்து எரிகிறதா, கைரேகை எடுக்கிறதா, செல்ஃபி கேமரா தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பழைய காம்போவையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடி மட்டும் உடைந்து டிஸ்பிளே நன்றாக இருந்தால் அதற்கு விலை உண்டு, புதியதன் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.